புதிதாகக் கட்டிய வீட்டின் வளவைத் திட்டமிடுவது எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் தருகிறேன். மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிக்கு அருகில் 20 பேர்ச் வளவொன்றில் 1,200 சதுர அடி வீடு கட்டி முடிந்திருக்கின்றது. வளவு வீதியோரமாக 55 அடி, உள்நோக்கி 99 அடி. வீடு கிழக்குப் பார்த்தது. முன்னால் 25 அடியும் பின்னால் 34 அடியும் வடக்கே 15 அடியும் தெற்கே 10 அடியும் வெறும் நிலம். கிணறு வடகிழக்கு மூலையில், மலசலகூடக் குழி தென்மேற்கு மூலையில். ஆவணியில் குடிபுகுவதற்கு முன்னர் முன்முற்றம் முழுவதும் இன்ரலொக் கல் பதித்து, ஒரு பக்கம் மலேசியன் புல் வைத்து, சுற்றிவரத் தென்னை நட எண்ணியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, என்னென்ன மரம் வைப்பது, அம்மா கேட்கும் முருங்கையைக் குசினியடியில் வைக்கலாமா என்பவை கேள்விகள்.

இவ்வருடம் கல் பதிக்க வேண்டாம் என்பதே என் பதிலின் முதல் வரி. ஒரு மாரி முழுவதும் அந்த வளவின் மேல் பெய்து, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கமாக ஓடுகிறது, எத்தனை நாளில் வற்றுகிறது என்பதை நீங்கள் கண்ணால் பார்த்த பின்னரே பணம் அதிகம் செலவாகும் வேலைகளில் கை வைக்க வேண்டும். எங்கள் பகுதியில் வளவைத் திட்டமிடுவது என்றால் தண்ணீரைத் திட்டமிடுவதுதான். மரமும் புல்லும் பூவும் அதற்குப் பின்னால் வருபவை.

இதை நான் பட்டுத் தெளிந்துதான் சொல்கிறேன். விவசாயப் போதனாசிரியராக ஊரூராகச் சென்று மற்றவர்களின் வளவுகளுக்கு ஆலோசனை சொன்ன நான், கல்லடியில் என் வீட்டைக் கட்டியபோது குடிபுகுதலுக்கு அழகாக இருக்க வேண்டுமென்ற அவசரத்தில் முன்பக்கமும் இரு பக்கவாட்டும் கல் பதிப்பித்தேன். பதித்தவர் வரிசை பிசகாமல், நூல் பிடித்தாற்போல வேலை செய்திருந்தார். ஆனால் வாட்டம் வீதியை நோக்கி இல்லாமல் வீட்டை நோக்கி இருந்தது என்பதை நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. கார்த்திகையில் ஓரிரவு பெய்த மழையில் விடிந்து எழுந்து பார்த்தால் குசினி வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே நின்றது. அரிசி வாளி மிதந்தது. மறுவருடம் கல்லைப் பெயர்த்து மீண்டும் பதிக்க முதல் தடவையைப் போல இன்னொரு மடங்கு கூலி போயிற்று.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மட்டக்களப்பில் ஆண்டு மழை சராசரியாக 1,600 முதல் 1,700 மில்லிமீற்றர் வரை. அதில் பாதிக்கு மேற்பட்டது கார்த்திகை, மார்கழி, தை என்ற மூன்று மாதங்களுக்குள் வந்துவிடும். ஆனி, ஆடியில் வானம் ஏறக்குறையப் பூட்டிக்கொள்ளும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். உங்கள் கூரை ஏறத்தாழ 111 சதுர மீற்றர். மாரியில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் கொட்டுவது புதுமையல்ல. அப்படிப் பெய்தால் கூரையிலிருந்து மட்டும் 11,000 லீற்றர் தண்ணீர் உங்கள் சுவரடியில் விழும். முற்றம் மணலாக இருந்தால் அதில் ஒரு பகுதியையாவது குடிக்கும். கல்லும் கொங்கிறீற்றுமாக மூடிவிட்டால் அத்தனையும் ஏதோ ஒரு பக்கமாக ஓடித்தான் ஆக வேண்டும்.

ஆகவே முதல் வேலை மட்டம் பார்ப்பது. மேசன்மார் பயன்படுத்தும், உள்ளே தண்ணீர் விட்ட ஒளிபுகும் குழாய் ஒன்றும் நாலைந்து முளைகளும் போதும். அரை நாளில் முடியும். வீட்டின் நிலமட்டம், வளவின் நான்கு மூலைகள், வீதியின் நடு, பக்கத்து வளவுகளின் எல்லை ஆகியவற்றின் மட்டங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வீதியைக் குறிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும்: எங்கள் ஊர் வீதிகள் ஒவ்வொரு முறை கார்ப்பெட் போடும்போதும் கொங்கிறீற் போடும்போதும் சில அங்குலம் உயர்கின்றன, இருபது வருடத்துக்கு முன்னர் வீதியைவிட உயரத்தில் நின்ற வளவுகள் பல இன்று பள்ளத்தில் கிடக்கின்றன. வீட்டுச் சுவரிலிருந்து முதல் பத்தடிக்குள் மண் ஐந்தாறு அங்குலமாவது சரிந்து இறங்க வேண்டும். கல் பதித்த இடமென்றால் பத்தடிக்கு இரண்டு அங்குலம் போதும், ஏனென்றால் கல்லின் மேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும்.

வளவு பள்ளமாக இருக்கிறதென்று கண்டால் எல்லோரும் உடனே செய்வது கிறவல் என்னும் சரளை மண்ணைக் கொட்டுவது. வீடு போக எஞ்சிய ஏறத்தாழ 4,200 சதுர அடியை ஓரடி உயர்த்த 42 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண் வேண்டும் என்பதைக் கேட்டாலே பலருக்குத் தலை சுற்றும். செலவு ஒருபுறமிருக்க, கிறவல் இறுகிப்போனால் பாறைக்குச் சமம். நீர் கீழே இறங்காது, வேரும் இறங்காது. அதைவிடப் பெரிய சங்கடம், நீங்கள் உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போகும். அவர் உயர்த்தினால் உங்களிடம் திரும்பி வரும். இந்தப் போட்டியில் குடும்பங்கள் பேசாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். என் ஆலோசனை, வீட்டைச் சுற்றிப் பத்தடிக்கு மட்டும் உயர்த்துங்கள். வாகனம் வரும் பாதைக்கு மட்டும் கிறவல் போடுங்கள். மரம் வைக்கும் பின்வளவை அதன் மட்டத்திலேயே விட்டு, அங்கே தண்ணீர் இரண்டு மூன்று நாள் நின்று வற்றுவதற்கு இடம் கொடுங்கள். மதில் கட்டுவதானால் அடியில் எட்டு பத்தடிக்கு ஒரு துவாரம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். துவாரமில்லாத மதில் வெள்ளத்தில் அணைக்கட்டாகிவிடும். ஒரு பக்கம் இரண்டடித் தண்ணீர், மறுபக்கம் வெறும் நிலம் என்று நின்றால் அந்தப் பாரத்தைத் தாங்காமல் மதிலே சாய்ந்துவிடும்.

மழைநீரை நிலத்துக்குள் விடும் உறிஞ்சு குழிகளைப் பற்றி இப்போது பலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் எழுவான்கரையில் அதற்கு ஓர் எல்லை உண்டு. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள இந்த மணல் மேட்டில் கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விடும். மாரியில் வாவி நிறைந்து, அது கடலில் கலக்கும் முகத்துவாரம் இன்னும் வெட்டப்படாத நாட்களில், நிலத்தடி நீர் இரண்டு மூன்றடிக்குள் ஏறிவிடும். அப்போது நான்கடி ஆழக் குழி வெட்டினால் அதில் பாதி தானாகவே நிறைந்திருக்கும், எதை உறிஞ்சும்? உறிஞ்சு குழி ஐப்பசியின் முதல் மழைகளுக்கு உதவும். மார்கழி வெள்ளத்துக்கு வீதி வடிகானை நோக்கிய ஆழமில்லாத, புல் முளைத்த வாய்க்கால்தான் உதவும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் மண் வேறு, களிப்பாங்கானது; அங்கே குழி இன்னும் குறைவாகவே உறிஞ்சும்.

கூரைக்குப் பீலி பூட்டி ஒரு பக்கத் தண்ணீரையாவது தொட்டியில் பிடியுங்கள். தொட்டிக்கு இறுக்கமான மூடியும் வலையும் இருக்க வேண்டும், பீலியில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கக் கூடாது. எங்கள் மாவட்டத்தில் மாரி முடிந்ததும் டெங்கு வருவதற்கு இத்தகைய இடங்களும் ஒரு காரணம்.

இனி மண். மேசன்மார் போன பின்னர் வளவைப் பார்த்தால் மேலே மணல் பரவியிருக்கும், எல்லாம் சரி என்று தோன்றும். அலவாங்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு சீமெந்து குழைத்த இடத்தில் இரண்டடிக்கு ஒரு குழி தோண்டிப் பாருங்கள். மேலே இரண்டு விரல் கனத்துக்கு மணல். அதன் கீழ் அலவாங்கு பட்டால் ‘டங்’ என்று ஒலிக்கும் சாம்பல் நிறச் சீமெந்துப் பொருக்கு. அதன் கீழ் உடைந்த ஓடு, கல், கம்பித் துண்டு, சீமெந்துப் பை. அதற்கும் கீழேதான் உங்கள் மண் தொடங்கும். இந்தப் பொருக்கின் மேல் கன்று நட்டால் அது ஒரு வருடம் பச்சையாக நிற்கும், இரண்டாம் வருடம் மஞ்சளித்து இலை சிறுக்கும். சீமெந்துக் கழிவு மண்ணைக் காரத்தன்மையாக்கும். அப்படியான மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. தேசியும் எக்சோராவும் இதை முதலில் காட்டிக்கொடுக்கும். எனவே கொத்தனார் குழைத்த இடம், கல் அரிந்த இடம், பெயின்ற் வாளி கழுவிய இடம் ஆகிய மூன்றையும் கண்டுபிடித்து ஓரடி ஆழத்துக்கு அள்ளி அப்புறப்படுத்துங்கள். அள்ளிய கல்லும் ஓடும் வீண்போகாது, வாகனப் பாதைக்கு அடியில் போடலாம். பலகைத் துண்டுகளை மட்டும் ஒன்றும் மிச்சமில்லாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மண்ணுக்குள் புதைந்த பலகை கறையானுக்கு வைத்த விருந்து, அங்கிருந்து அது உங்கள் கதவு நிலைக்கு வர அதிக நாள் எடுக்காது.

அதே குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மணிக்கூட்டைப் பாருங்கள். களுவாஞ்சிகுடி மணலில் சில நிமிடங்களில் காணாமல் போகும். கோடையில் நீங்கள் ஊற்றப்போகும் ஒவ்வொரு வாளிக்கும் இதே கதிதான். மணலைத் தண்ணீர் பிடிக்க வைப்பதற்கு எங்கள் முன்னோர் கண்ட வழி பொச்சு மட்டை. குழியின் அடியில், உட்குழிந்த பக்கம் மேலே பார்க்க, இரண்டு அடுக்காக அடுக்கி, நன்றாக நனைத்து, மேலே மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்ப வேண்டும். ஒரு மட்டை ஒரு சிறு கிண்ணம். பல வருடம் இருந்து மக்கும். அது மக்கும்போது மரமும் அதைச் சாப்பிடும். தென்னைக்கு மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் என்ற அளவிலும் மற்றப் பழமரங்களுக்கு இரண்டடியிலும் குழி போதும். ஆனால் மாரியில் தண்ணீர் நிற்கும் மூலையென்றால் குழியை விட்டுவிட்டு, ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன் மேல் நடுங்கள்; தேசியும் பப்பாசியும் மூன்று நாள் காலடியில் தண்ணீர் நின்றாலே போய்விடும் இனங்கள். சருகை எரிக்கும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். மணல் நிலத்தில் சருகுதான் பொன். கன்றைச் சுற்றி மூன்று அங்குலம் பரப்பி, தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடம் விட்டால், கோடையில் ஊற்றும் தண்ணீரில் கணிசமான பங்கு மிச்சமாகும்.

எந்த மரம் எங்கே என்ற கேள்விக்கு வெயில்தான் விடை சொல்ல வேண்டும். பலர் தெற்கும் மேற்கும் நிழல் வேண்டுமென்று நினைக்கிறார்கள். மட்டக்களப்பு வட அகலக்கோடு 7.7 பாகையில் இருக்கின்றது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னர் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு மேல் வந்து, அதன் பிறகு ஆவணி நடுப்பகுதி வரை வடக்குப் பக்கமாகவே நிற்கும். கச்சான் காற்று அனலாக அடிக்கும் அந்த மாதங்களில்தான் வெக்கை அதிகம். ஆனியில் பின்னேரம் நான்கு மணிக்குச் சூரியன் நேர் மேற்கில் இல்லை, அதற்கு இருபது பாகைக்கு மேல் வடக்கே இருக்கும். ஆகையால் உங்களுக்கு நிழல் மரம் வேண்டிய இடம் வளவின் வடமேற்கு. அந்நேரத்தில் 20 அடி உயரமுள்ள மரத்தின் நிழல் முப்பதடிக்கு மேல் நீளும். எனவே மரம் சுவரை ஒட்டி நிற்க வேண்டிய தேவையும் இல்லை. கிழக்குப் பக்கத்தைத் திறந்து விடுங்கள், மாலையில் கடற்காற்று வரும் வழி அது. அங்கே அடர்ந்த மரம் வைத்தால் வருகிற காற்றையும் மறித்தவர் ஆவீர்கள்.

வடமேற்கில் வைக்க என் தெரிவு ஓர் ஒட்டு மாங்கன்று. பின்சுவரிலிருந்து 18 அடி, வடக்கு எல்லையிலிருந்து 14 அடி தள்ளி நடுங்கள். விலாட்டோ கறுத்தக்கொழும்பானோ உங்கள் வாய்க்குப் பிடித்ததை வையுங்கள், நிழலைப் பொறுத்தவரை வித்தியாசமில்லை; முதல் மூன்று வருடம் நுனி கிள்ளிக் குடைபோல விரியச் செய்வதே முக்கியம்.

தென்னையைப் பற்றி நீங்கள் கேட்டதற்குச் சற்று மனம் நோகும் பதில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சுற்றிவர’ இடமில்லை. தென்னைக்குத் தென்னை 26 அடி வேண்டும். ஓலை பதினைந்தடிக்கு மேல் நீளும். தேங்காயும் காய்ந்த மட்டையும் விழும் வட்டத்துக்குள் உங்கள் ஓடும் வாகனமும் அயலவரின் கூரையும் இருக்கக் கூடாது. இந்த அளவுகளை உங்கள் வளவில் வைத்துப் பார்த்தால் பின்வளவில், சுவரிலிருந்து 22 அடியும் தெற்கு எல்லையிலிருந்து 14 அடியும் தள்ளி, ஒரேயொரு தென்னைக்குத்தான் இடம் வருகிறது. அது மாமரத்திலிருந்து 27 அடியும் மலசலகூடக் குழியிலிருந்து பத்தடியளவும் விலகி நிற்கும். 1978 கார்த்திகையில் வீசிய சூறாவளியில் எங்கள் மாவட்டத்துத் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்ததை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். அப்படியொன்று மீண்டும் வருமா என்று பயந்து தென்னையே வைக்காமல் இருக்க வேண்டியதில்லை, ஆனால் படுக்கை அறைச் சுவரோரம் வைக்கவும் வேண்டியதில்லை. வீட்டுப் பாவனைக்கு ஒன்று போதாதென்றால் மாவை விட்டுவிட்டு இரண்டு தென்னை வைக்கலாம், நிழல் குறையும்.

பலா, ஈரப்பலா வைக்க ஆசைப்படுபவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும்: இவற்றையும் பெண் பனையையும் பின்னர் தறிக்க வேண்டி வந்தால் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும், சொந்த வளவென்றாலும். இருபது பேர்ச்சில் பலா வைப்பவர் பத்து வருடம் கழித்து அந்த அலுவலகத்தின் வாசலில் நிற்பார். ஆல், அரசு போன்றவை குருவி எச்சத்தில் தானாக மதில் வெடிப்பில் முளைக்கும், கண்ட அன்றே பிடுங்குங்கள். வாவிக்கு மிக அருகில், உப்பு ஏறிய மூலையாக இருந்தால் பூவரசும் புன்னையும் தாங்கும். வெள்ளாவெளி, வவுணதீவு போன்ற எல்லைப்புறக் கிராமங்களில் வீடு கட்டுபவர்கள் இதை வாசிப்பதானால், வாழையையும் தென்னங்கன்றையும் வீட்டுச் சுவரோரம் வைக்க வேண்டாம் என்று சொல்லிவைக்கிறேன். யானை அவற்றைத் தேடி வரும்போது வீட்டையும் சேர்த்தே தட்டும். அங்கே தேசி, மாதுளை, வேம்பு என்று போவதே பாதுகாப்பு.

முன்முற்றத்துக்கு வருவோம். மலேசியன் புல்லின் கணக்கு இது: கோடையில் நிலத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர் தண்ணீர் ஆவியாகும். 1,000 சதுர அடி புல்லுக்கு அது நாளொன்றுக்கு 460 லீற்றருக்கு மேல். ஒரு சிறிய குடும்பம் குளித்து, துவைத்து, சமைக்கும் தண்ணீருக்கு நிகரானது. ஆடியிலும் ஆவணியிலும் அதை உங்கள் கிணற்றிலிருந்து மோட்டர் போட்டு இறைத்தால் புல் பச்சையாக இருக்கலாம், கிணறு கைவிடும். எங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் ஒரு படலம். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு மேலே வரும். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்கவென்று ஓயாமல் இறைத்த சில இடங்களில் உவர் இன்னும் கூடியதை நேரில் கண்டவர்கள் நாங்கள். ஆகவே புல் வேண்டுமென்றால் விறாந்தைக்கு முன்னால் பத்தடிக்குப் பத்தடி வையுங்கள், கண்ணுக்கு அது போதும். மற்ற இடத்துக்கு அறுகு தானாகவே வரும். கோடையில் காய்ந்து, முதல் மழைக்குத் துளிர்க்கும்.

எங்கள் வீடுகளில் முற்றம் வெறும் காட்சிக்குரிய இடமல்ல என்பதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். தைப்பொங்கலுக்கு அடுப்பு மூட்டுவது அங்கே. சாமத்தியச் சடங்கு, கல்யாணம், செத்தவீடு எதுவானாலும் பந்தல் போடுவது அங்கே. உங்கள் 25 அடியில் நடுவில் இருபதுக்கு இருபதடியாவது எதுவும் நடாமல், மணலாக, கூட்டிப் பெருக்கக்கூடிய முற்றமாக விடுங்கள். கல் பதிக்க வேண்டிய இடம் கேற்றிலிருந்து வாகனம் நிறுத்தும் இடம் வரையும் வாசற்படியைச் சுற்றியும்தான். அதிலும் வாகனத்துக்கு இரண்டு சில்லும் ஓடும் இரண்டடி அகலக் கொங்கிறீற் பட்டிகள் இரண்டு போட்டு நடுவில் புல் விட்டால் செலவு பாதியாகும், வெக்கையும் குறையும். வெயிலேறிய கல் முற்றம் இரவு எட்டு மணிக்கும் வீட்டுக்குள் அனலை அனுப்பிக்கொண்டிருக்கும். அடுத்த வருடம் கல் பதிக்கும்போது பந்தற்கால் வரும் இடங்களில் இரண்டங்குல பீவீசீ குழாய்த் துண்டுகளை நிலைக்குத்தாகப் புதைத்து மூடி போட்டுவிடுங்கள். என் வீட்டில் மகளின் கல்யாணத்துக்குப் பந்தற்கால் ஊன்றக் கல்லை உடைத்த பின்னர்தான் எனக்கு இந்த யோசனை வந்தது.

எல்லைக்கு, முன்பக்கம் மட்டும் மதிலும் மற்ற மூன்று பக்கமும் கம்பி வேலியும் அதனூடே கிளிசரியாக் கதியாலும் போதுமானது. கிளிசரியா மாரியில் நட்டால் பிடிக்கும், வெட்ட வெட்டத் தழைக்கும், தழை மரங்களுக்குப் பசளையாகும். முதல் வருடம் தெருமாடும் ஆடும் கன்றைக் கடித்துவிடும் என்பதால் வேலி முடியும் முன்னர் ஒரு கன்றையும் வாங்க வேண்டாம். இந்த ஒழுங்கு மாறி நான் பார்த்த வளவுகளில் மாட்டுக்குத்தான் நல்ல காலம்.

பூமரம், செடிகளைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை, அது வீட்டுக்காரரின் விருப்பம். செவ்வரத்தை, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, கடதாசிப்பூ ஆகியவை எங்கள் வெயிலுக்கு முகம் சுளிக்காதவை. குளியலறை, பாத்திரம் கழுவும் தண்ணீரை வடக்குப் பக்கத்து 15 அடிக்குள் ஒரு வாய்க்காலாக விட்டு, கிணற்றிலிருந்து நன்றாக விலகிய பின்முனையில் வாழை வையுங்கள். மலசலகூடத் தண்ணீர் அதில் சேரக் கூடாது. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி வேண்டும் என்ற விதி உங்கள் வளவில் சரியாகவே இருக்கின்றது. அயலவரின் குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் ஒருமுறை அளந்து பாருங்கள். கறிவேப்பிலை, ரம்பை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் குசினி வாசலிலிருந்து பத்து எட்டு வைக்கும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிடத் தூரமானால் மழை நாளில் யாரும் போய்ப் பறிக்க மாட்டார்கள்.

மாத ஒழுங்கைச் சொல்வதானால், இப்போதிருந்து ஆவணி வரை கழிவை அள்ளுவது, மட்டம் பார்ப்பது, வீட்டைச் சுற்றிய பத்தடிச் சரிவை அமைப்பது, வேலி அடைப்பது. குடிபுகுதலுக்கு முற்றத்தில் நல்ல வெண்மணல் பரப்பி, வாசலில் வாழை கட்டி, நிறைகுடம் வைத்தால் அதைவிட அழகு வேறில்லை. புரட்டாதியில் குழிகளை வெட்டி நிரப்பி ஆற விடுங்கள். ஐப்பசியில் மழை இரண்டு மூன்று விழுந்து மண் உள்ளே நனைந்த பின் மாவும் தென்னையும் நடுங்கள். அந்த மாரியின் மூன்று மாதமும் வேர் ஓடினால்தான் அடுத்த கச்சானைத் தாங்கும். கன்றுகளைத் தெங்கு பயிர்ச்செய்கைச் சபை, விவசாயத் திணைக்களம் போன்ற நம்பகமான இடங்களில் வாங்குங்கள், லொறியில் வைத்து வீதியில் விற்பதை வாங்க வேண்டாம். மார்கழி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி நடந்து, தண்ணீர் நின்ற ஓரங்களில் முளை அடியுங்கள். தைப்பொங்கலுக்குப் பின் அந்த முளைகளைப் பார்த்து வாய்க்காலைத் திருத்துங்கள். கல் பதிப்பவரைப் பங்குனியில் கூப்பிடலாம்.

கடைசியாக அம்மாவின் முருங்கை. வைக்கலாம், ஆனால் குசினியடியில் வேண்டாம். மாரி தொடங்கியதும் முருங்கையில் மயிர்க்கொட்டி அடையடையாகப் பிடிக்கும். மரம் சுவரோரம் என்றால் அவை சுவரில் ஊர்ந்து யன்னல் வழியாக உள்ளே வரும், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. கொப்பும் இலேசில் முறியும். தெற்கு வேலியில், வீட்டின் பின்சுவரைத் தாண்டியதும் ஒரு தடியை நட்டு, ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னர் ஆறடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். துளிர் தாழ்வாக வரும், அம்மா துறட்டி இல்லாமலே இலை ஆயலாம்.